நின்றுபோன பழைய வெந்நீர்த்தொட்டியை மீண்டும் இயக்குதல்: கசிவும் அதன் பின்விளைவுகளும்

வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் வீடுகளின் பின்முற்றத்தில் வைக்கப்படும் வெந்நீர்க் குளியல்தொட்டி ஹாட் டப் என்ற பெயராலும், ஒரு நிறுவனத்தின் பெயரே பொதுப்பெயராகிவிட்டதால் ஜக்குஸி என்றும் அறியப்படுகிறது. நான்கைந்து பேர் மார்பளவு நீரில் உட்காரக்கூடிய இத்தொட்டியில் ஏறத்தாழ 1,100 முதல் 1,900 லிட்டர் வரை நீர் கொள்ளும். அந்நீர் ஒவ்வொரு குளியலுக்குப் பின்னும் வெளியேற்றப்படாமல், மாதக்கணக்கில் வடிகட்டப்பட்டும் சூடேற்றப்பட்டும் கிருமிநீக்கம் செய்யப்பட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். இத்தகைய தொட்டி ஒன்றில் கசிவு ஏற்பட்டு, நீர் வடிந்து, சில மாதங்களோ சில ஆண்டுகளோ சும்மா கிடந்தபின் அதை மீண்டும் இயக்க முற்படுவோர் பெரும்பாலும் கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பதையே முழு வேலையாகக் கருதுகின்றனர். கசிவு செய்யும் கேட்டைவிட, கசிந்த நீர் போய்ச் சேர்ந்த இடங்களிலும் தொட்டி வறண்டு கிடந்த காலத்திலும் நேர்ந்த கேடுகளே பெரியவை என்பதும், அவற்றை எந்த வரிசையில் எதிர்கொள்வது என்பதைப் பொறுத்தே மறுதொடக்கத்தின் பாதுகாப்பு அமையும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இத்தொட்டிகளுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. 1960-களில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராப் பகுதியில் பழைய ஒயின் மரத்தொட்டிகளை வெட்டித் திருத்தி, வெந்நீர் நிரப்பிக் குளிக்கும் வழக்கம் பரவியது ஒரு மூலம். இத்தாலியிலிருந்து குடியேறி, முதலில் விமான உந்துவிசிறிகளையும் பின்னர் விவசாயப் பம்புகளையும் செய்துவந்த ஜக்குஸி சகோதரர்களின் பட்டறை மற்றொரு மூலம். அவர்களுள் ஒருவரான கேண்டிடோ ஜக்குஸி, முடக்குவாதத்தால் துன்புற்ற தம் மகனுக்காக உருவாக்கிய, குளியல்தொட்டிக்குள் வைக்கக்கூடிய பம்பு 1956-இல் விற்பனைக்கு வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்குஸி, பம்பும் நீர்த்தாரைகளும் தொட்டியின் சுவரிலேயே பொருத்தப்பட்ட வடிவத்தை 1968-இல் கொண்டுவந்தார். பின்னர் ஃபைபர் கண்ணாடியாலும் அதன்மேல் அக்ரிலிக் தகட்டாலும் ஆன ஓடுகள் மரத்தின் இடத்தைப் பிடித்தன. இன்று பழைய தொட்டி என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த அக்ரிலிக் தலைமுறையைச் சேர்ந்தவை. மரத்தொட்டிகளின் இயல்பு முற்றிலும் வேறு என்பதால் அவை தனியே பின்னர் பேசப்படும்.

அக்ரிலிக் தொட்டியின் வெளிப்பலகையைக் கழற்றினால் உள்ளே தென்படும் அமைப்பு ஒரே சுற்றாக இயங்குகிறது. தொட்டியின் அடியில் உள்ள உறிஞ்சுவாய் வழியாகவும் வடிகட்டியின் வழியாகவும் பம்பு நீரை இழுக்கிறது. அந்நீர் ஹீட்டர் பொருத்தப்பட்ட துருப்பிடிக்காத எஃகுக் குழலைக் கடந்து, பல கிளைகளாகப் பிரிந்து, சுவரில் உள்ள நீர்த்தாரைகள் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. பம்பையும் ஹீட்டரையும் கழற்றி மாட்ட வசதியாக அவற்றின் இருபுறமும் யூனியன் எனப்படும் திருகு இணைப்புகள் உள்ளன. ஒவ்வொரு யூனியனுக்குள்ளும் ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங் அல்லது கேஸ்கெட், நீரை அடைத்துநிற்கிறது. ஓட்டுக்கும் வெளிப்பலகைக்கும் இடையிலான வெற்றிடத்தில் வெப்பம் வெளியேறாதிருக்கப் பாலியூரித்தேன் ஃபோம் பீய்ச்சி நிரப்பப்பட்டிருக்கும். சில தொட்டிகளில் இந்த ஃபோம் ஓட்டின் அடிப்பரப்பில் மட்டும் பூசப்பட்டிருக்க, வேறு சிலவற்றில் குழாய்கள் முழுவதையும் மூடி அடைத்திருக்கும்.

கசிவுகளில் மிக எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியது பம்பின் தண்டு வெளிவரும் இடத்தில் நிகழ்வது. மோட்டாரின் சுழல்தண்டு நீர் இருக்கும் அறைக்குள் நுழையும் இடத்தில், வழவழப்பான இரு வளையங்கள், ஒன்று பீங்கானாலும் மற்றொன்று கரியாலும் ஆனவை, ஒன்றன்மேல் ஒன்று அழுந்திச் சுழன்று நீரை உள்ளே நிறுத்துகின்றன. இந்த மெக்கானிக்கல் சீல் தேய்ந்தாலோ, நீரின்றிப் பம்பு ஓடிச் சூடேறி வெடித்தாலோ, பம்பின் அடியில் துளித்துளியாக நீர் சேரும்; கால்சியம் படிந்த வெள்ளைத் தடம் அங்கே காணப்பட்டால் கசிவு பழையது என்று கொள்ளலாம். யூனியன்களின் ரப்பர் வளையங்கள் இறுகி வெடிப்பது, நீர்த்தாரைகளின் உடல் ஓட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் சுருங்குவது, விளக்குக் கண்ணாடியின் விளிம்பு விலகுவது ஆகியவை அடுத்தடுத்த காரணங்கள். பனிப்பிரதேசங்களில் இவை அனைத்தையும் மிஞ்சும் காரணம் ஒன்று உண்டு: மின்சாரம் நின்றோ ஹீட்டர் பழுதடைந்தோ தொட்டி உறைநிலைக்குக் கீழே சென்றால், நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுவதால், குழாய்களும் பம்பின் உடலும் ஒரே இரவில் பல இடங்களில் வெடித்துவிடும். உறைந்து வெடித்த தொட்டியில் ஒரே ஒரு கசிவைத் தேடுவது வீண். முதல் வெடிப்பை அடைத்தபின் இரண்டாவதும், அதை அடைத்தபின் மூன்றாவதும் வெளிப்படும் என்ற எதிர்பார்ப்போடுதான் அதில் இறங்க வேண்டும்.

மறைந்திருக்கும் கசிவைக் கண்டறிவதில் பழுதுபார்ப்போர் கைக்கொள்ளும் முறைகளுள் மிகச் சிறந்தது செலவே இல்லாதது. தொட்டியை நிரப்பி, மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, நீர் தானாக வடியவிட்டால், கசியும் துளையின் உயரத்துக்கு வந்ததும் நீர்மட்டம் நின்றுவிடும். அந்த உயரத்தில் உள்ள நீர்த்தாரைகளும் விளக்கும் வடிகட்டிவாயுமே ஐயத்துக்குரியவை. பம்பு ஓடும்போது மட்டும் நீர் குறைந்தால், அழுத்தம் கூடும் பக்கத்தில், அதாவது பம்புக்குப் பிந்திய குழாய்களில் குறை உள்ளது. பம்பு நிற்கும்போது கசிந்து, ஓடும்போது நீர்த்தாரைகளில் நுண்ணிய காற்றுக்குமிழிகள் தொடர்ந்து வெளிப்பட்டால், பம்புக்கு முந்திய உறிஞ்சுபக்கத்தில் வெடிப்பு இருந்து அதன் வழியே காற்று உள்ளிழுக்கப்படுகிறது. கசிவே இல்லாமல் ஆவியாதலால் மட்டும் நீர் குறைகிறதா என்ற ஐயம் எழுந்தால், தொட்டியின் படிக்கட்டில் ஒரு வாளியில் நீர் நிரப்பி வைத்து, இரண்டின் மட்டமும் ஒரு நாளில் எவ்வளவு இறங்குகின்றன என்று ஒப்பிடலாம். நீர்ப்பரப்பு நான்கு சதுர மீட்டர் கொண்ட தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்குவது 40 லிட்டர் இழப்புக்குச் சமம் என்பதால், கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் இறக்கத்தையும் பொருட்படுத்தாமல் விடக்கூடாது.

முழுவதும் ஃபோம் நிரப்பப்பட்ட தொட்டிகளில் இத்தேடல் கடினமாகிறது. நீர் வெளிப்படும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஃபோமின் இடுக்குகள் வழியே ஊர்ந்து, எதிர்ப்பக்க மூலையில் நீர் வெளிவரக்கூடும். கையாலோ மரக்கரண்டியாலோ ஃபோமைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து, ஈரம் கூடிச்செல்லும் திசையைப் பின்பற்றிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. கூரிய கத்தியை ஆழமாகச் செலுத்தினால் வளையும் பிவிசி குழாய் ஒன்று அறுபட்டு, இல்லாத கசிவு புதிதாக உருவாகும். ஈரமான ஃபோமை அப்படியே விட்டு மூடிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது, அது தவறு. நீரை உறிஞ்சிய ஃபோம் வெப்பத்தைக் காக்கும் ஆற்றலைப் பெருமளவு இழப்பதோடு, குளிர்காலத்தில் உறைந்து, தான் காக்கவேண்டிய குழாய்களையே நெருக்குகிறது. வெதுவெதுப்பான காலங்களில் பூஞ்சைக்கும் இடமளிக்கிறது. மின்விசிறி வைத்துப் பல நாள் உலர்த்திப் பார்த்தும் உலராத பகுதியை வெட்டி அகற்றிவிடுவதே நல்லது.

நீரில் ஊற்றினால் கசிவைத் தானே தேடிச்சென்று அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்கள் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. குழாய் இணைப்பில் உள்ள மயிரிழை வெடிப்புகளை இவை சில காலம் அடைத்து வைப்பது உண்மையே. வடிகட்டியை அகற்றிவிட்டு, குறிப்பிட்ட நேரம் நீரைச் சுழலவிட்டால் திரவத்தில் உள்ள துகள்கள் வெடிப்பில் சேர்ந்து இறுகுகின்றன. ஆனால் தேய்ந்த மெக்கானிக்கல் சீலுக்கும், இறுகிப்போன ரப்பர் வளையத்துக்கும், உறைந்து பிளந்த குழாய்க்கும் இவற்றால் நிலையான தீர்வு கிடைப்பதில்லை. கைக்கு எட்டும் இடத்தில் உள்ள கசிவுக்குத் திரவத்தை நாடுவது காலவிரயம். பழுதான துண்டை அறுத்தெடுத்து, புதிய பிவிசி துண்டை பிரைமரும் பசையும் இட்டு ஒட்டி, பசை முழுவதும் இறுகும்வரை நீர் விடாமல் காத்திருப்பதே முறை. ஃபோமின் நடுவே, தொட்டியைக் கவிழ்த்தால் ஒழிய எட்டாத இடத்தில் உள்ள சிறு கசிவுக்கு மட்டும் திரவத்தை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

தொட்டி வறண்டு கிடந்த காலம் விளைவிக்கும் கேடுகள் கசிவைப் போல வெளிப்படையாகத் தெரிவதில்லை. நீரில் நனைந்தபடி நெகிழ்வாக இருந்த ரப்பர் வளையங்கள் உலர்ந்து இறுகுகின்றன. மெக்கானிக்கல் சீலின் இரு வளையங்களும் ஒட்டிக்கொள்கின்றன. அந்நிலையில் மோட்டாரை முடுக்கினால் ஒட்டிய பரப்பு பிய்ந்து, முன்பு கசியாத சீல் புதிதாகக் கசியத் தொடங்கும். ஆகவே மின்சாரம் கொடுப்பதற்கு முன் மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, தண்டின் முனையைக் கையால் சிலமுறை திருப்பிப் பார்ப்பது வழக்கம். எளிதாகச் சுழன்றால் நல்லது. கரகரவென்ற உரசலோடு சுழன்றால் பேரிங் கெட்டிருக்கிறது. அசையவே மறுத்தால் துரு இறுகியிருக்கிறது. மோட்டார் உறுமியும் சுழலாமல் நின்றால் கண்டென்சர் பலவீனமடைந்திருக்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் கண்டென்சரில் மின்னூட்டம் தேங்கியிருக்கும் என்பதால், அதை முறைப்படி இறக்காமல் தொடக்கூடாது. நின்றுபோன தொட்டியின் வெளிப்பலகைக்குள் எலிகள் கூடு கட்டுவதும் வயர்களைக் கடிப்பதும் சாதாரணம். சர்க்யூட் போர்டின் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பிரேக்கரைப் போடுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

நீரும் மின்சாரமும் சந்திக்கும் இடம் என்பதால் மின்பகுதியே மறுதொடக்கத்தின் இதயம் எனலாம். அமெரிக்க மின்விதித் தொகுப்பின் 680-ஆம் பிரிவு நீச்சல்குளங்களையும் இத்தொட்டிகளையும் பற்றியது. மின்கசிவு துண்டிப்பான் ஒன்றின் வழியாகவே தொட்டிக்கு மின்சாரம் செல்ல வேண்டும் என்பது அதன் இன்றியமையாத கூறு. உள்ளே செல்லும் மின்னோட்டமும் திரும்பிவரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இக்கருவி இடைவிடாமல் அளக்கிறது. ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் வேறுபாடு தோன்றினாலே, அது நீர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்குப் போகிறது என்று கொண்டு உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இந்திய வீடுகளில் ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் பொருத்தப்படும் கருவி பொதுவாக 30 மில்லிஆம்பியரில் துண்டிக்குமாறு அமைக்கப்பட்டிருப்பதை நோக்க, அமெரிக்க அளவு எவ்வளவு கடுமையானது என்பது புலனாகும். பழைய தொட்டிகள் சில, இக்கருவி இல்லாமலே நிறுவப்பட்டவை. அத்தகைய தொட்டியில் கசிவை எவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தாலும், இக்கருவியைப் பொருத்தாமல் அதை இயக்கக்கூடாது.

மறுதொடக்கத்தின்போது துண்டிப்பான் மீண்டும் மீண்டும் விழுவது பொதுவான அனுபவம். அப்போது கருவியைக் குறைகூறி அதை மாற்றவோ, இன்னும் மோசமாக அதைக் கடந்து நேரடியாக வயர் இழுக்கவோ தூண்டும் எரிச்சல் இயல்பானது. அதற்கு இடங்கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். பெரும்பாலும் காரணம் ஹீட்டரில் இருக்கும். ஹீட்டரின் சூடேறும் கம்பி ஓர் உலோகக் குழலுக்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூளால் சூழப்பட்டுள்ளது. அத்தூள் மின்சாரத்தைத் தடுக்கும், ஆயினும் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நீண்ட நாள் குளிர்ந்து கிடந்த ஹீட்டரின் முனைகள் வழியாகவோ, உப்பும் குளோரினும் அரித்த நுண்துளை வழியாகவோ ஈரம் உள்ளே சென்றால், கம்பியிலிருந்து உறைக்கு மின்சாரம் கசிகிறது. ஹீட்டரின் இரு வயர்களையும் கழற்றிவிட்டுப் பிரேக்கரைப் போடும்போது துண்டிப்பான் விழாமல் நின்றால் ஐயம் உறுதிப்படும். 240 வோல்ட்டில் 5.5 கிலோவாட் ஆற்றல் கொண்ட நல்ல ஹீட்டரின் மின்தடை ஏறத்தாழ 10.5 ஓம் இருக்கும். மல்டிமீட்டரில் இந்த எண் சரியாக வந்தாலும், முனைக்கும் உறைக்கும் இடையிலான காப்புத்தடையையும் அளந்த பிறகே அது நலமாக உள்ளது என்று முடிவு செய்யலாம். தொட்டியைச் சுற்றியுள்ள உலோகப் பாகங்கள் அனைத்தையும் செம்புக்கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றாமல் காக்கும் பிணைப்பும் கசிவின் ஈரத்தால் அரிக்கப்பட்டிருக்கக்கூடும். இவ்வேலைகள் உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியவை.

இவையெல்லாம் முடிந்த பின்பே நீர் நிரப்பும் கட்டம் வருகிறது. நீர்க்குழாயைத் தொட்டிக்குள் போட்டு நிரப்புவது எளிதெனினும், வடிகட்டி அமரும் குழிக்குள் அதன் முனையைச் செருகி நிரப்புவதே தேர்ந்தவர்களின் வழக்கம். ஏனெனில் அந்த வழியாகச் செல்லும் நீர் பம்புவரையிலான குழாய்களை முதலில் நிறைத்து, அங்கே சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. காற்று சிக்கிக்கொண்டால் மோட்டார் சுழன்றும் நீர் நகராது. தமிழ்நாட்டு விவசாயி கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்துக்கொண்டது என்று சொல்லி நீர் ஊற்றி ஏர் எடுப்பது எதுவோ, அதுவே இங்கும். பம்பின் வெளிப்பக்க யூனியனை அரைத் திருகு தளர்த்தினால் முதலில் காற்று சீறி வெளிவரும்; பின்னர் காற்றும் நீரும் கலந்து தெறிக்கும்; முடிவில் நீர் மட்டும் சீராக ஒழுகும்போது யூனியனை மீண்டும் இறுக்க வேண்டும். பம்புக்கு இருபுறமும் உள்ள அடைப்பு வால்வுகள் பழுதுபார்க்கும்போது மூடப்பட்டு, திறக்க மறந்துபோவது அடிக்கடி நிகழ்வது. மூடிய வால்வை எதிர்த்துச் சில நிமிடங்கள் ஓடினாலே புதிதாக மாற்றிய சீல் கெட்டுவிடும். ஹீட்டரை நிறுத்திவைத்து, குளிர்ந்த நீரிலேயே பம்பை முதலில் தாழ்ந்த வேகத்திலும் பின்னர் உயர்ந்த வேகத்திலும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்த்தபின் சூடேற்றத் தொடங்கலாம். 10 டிகிரி செல்சியஸில் உள்ள 1,500 லிட்டர் நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 52 யூனிட் மின்சாரம் வேண்டும், 5.5 கிலோவாட் ஹீட்டருக்கு அது ஒன்பதரை மணி நேர வேலை. அதற்குள் பொறுமையிழந்து வெப்பநிலை உணரியில் பழுது தேடுவோர் பலர்.

நீர் கசியாமல் சூடேறிவிட்டால் தொட்டி குளிக்கத் தயார் என்று எண்ணத் தோன்றும். பொதுநலக் கண்ணோட்டத்தில் மிகப் பெரிய அபாயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பழுதுபார்ப்பு நூல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. தொட்டியை வடித்தாலும் அதன் குழாய்களில் உள்ள நீர் முழுவதும் வடிவதில்லை. வளைவுகளிலும் பம்பின் அடியிலும் நீர்த்தாரைகளின் பின்னாலும் சில லிட்டர் நீர் தேங்கிநிற்கும். கிருமிநாசினி சிதைந்துபோன அந்நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, குழாயின் உட்சுவரில் வழவழப்பான ஒரு படலத்தை அமைத்துக்கொள்கின்றன. உயிர்ப்படலம் எனப்படும் இவ்வடுக்கு தன்னுள் வாழும் கிருமிகளைக் குளோரினிடமிருந்து காக்கிறது. மேலே ஊற்றப்படும் குளோரின் படலத்தின் வெளிப்புறத்தோடு வினைபுரிந்து தீர்ந்துவிட, அடியில் உள்ளவை பிழைத்துக்கொள்கின்றன. புதிய நீர் நிரப்பி, சூடேற்றி, நீர்த்தாரைகளை முழுவேகத்தில் இயக்கும்போது, அப்படலம் பிய்ந்து நீரிலும், நீரிலிருந்து எழும் நுண்துளிகளிலும் கலக்கிறது.

இதன் விளைவு ஊகம் மட்டுமன்று. நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் 1999-ஆம் ஆண்டு நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக நீர் நிரப்பி இயக்கிக் காட்டப்பட்ட சுழல்நீர்த்தொட்டியிலிருந்து எழுந்த நுண்துளிகளால் லீஜியனேர் எனப்படும் நிமோனியா நோய் பரவி, நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்த மலைப்பகுதிச் சந்தையிலும், காட்சிக்கு வைக்கப்பட்ட வெந்நீர்த்தொட்டிகளோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட இதே நோய் நூற்றுக்கு மேற்பட்டோரைத் தாக்கி, நால்வரின் உயிரைப் பறித்தது. இவ்விரு நிகழ்வுகளிலும் நோயுற்றோர் தொட்டியில் இறங்கவில்லை, அருகே நடந்து சென்றவர்களே என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1976-இல் பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில் பரவிய மர்ம நிமோனியாவை ஆராய்ந்தபோது அடுத்த ஆண்டில் கண்டறியப்பட்ட லீஜியனெல்லா என்ற கிருமியே இந்நோய்க்குக் காரணம்; அது வெதுவெதுப்பான நீரில் செழித்து வளர்வது. சரியான கிருமிநீக்கம் இல்லாத வெந்நீர்த்தொட்டியின் வெப்பநிலை அதற்கு ஏறக்குறைய பொருத்தமான சூழல். முதியோருக்கும் புகைபிடிப்போருக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் இதன் தாக்கம் கடுமையாக இருக்கும். இதைவிட மென்மையான, ஆனால் மிகப் பரவலான மற்றொரு தொல்லை சூடோமோனாஸ் கிருமியால் தோலில் உண்டாகும் தடிப்பு. குளித்த சில நாட்களில், குறிப்பாகக் குளியலுடை மூடியிருந்த இடங்களில், அரிப்போடு சிவந்த பருக்கள் தோன்றும். நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியா வகைகளும் இத்தொட்டிகளில் கண்டறியப்பட்டுள்ளன.

எனவே கசிவு நீங்கியபின் நிரப்பப்படும் முதல் நீர் குளிப்பதற்குரியதாகாது, கழுவுவதற்கே உரியது என்று கொள்வது சரியான நடைமுறை. படலத்தைக் கரைக்கும் குழாய்க்கழுவியை அந்நீரில் கலந்து, எல்லா நீர்த்தாரைகளையும் திசைமாற்றி வால்வுகளையும் மாறிமாறித் திறந்து ஓடவிட்டால், பழைய தொட்டிகளில் பழுப்பு நிறத்தில் நுரையும், சவ்வு போன்ற துணுக்குகளும் நீர்மட்டத்தில் திரள்வதைக் காணலாம். அந்நீரை வடித்து, ஓட்டைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியைப் புதிதாக மாற்றி, மீண்டும் நிரப்ப வேண்டும்; பல மாதங்கள் ஈரமாகக் கிடந்து உலர்ந்த பழைய வடிகட்டியைக் கழுவிப் பயன்படுத்துவது சிக்கனமாகத் தோன்றினாலும், கழுவித் துடைத்த தொட்டிக்குள் கிருமியை மீண்டும் கொண்டுபோய் வைப்பதாகவே முடியும். லீஜியனெல்லா கண்டறியப்பட்ட பொதுத் தொட்டிகளுக்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வகுத்த முறை இங்கே நல்ல வழிகாட்டி: நீரில் கட்டற்ற குளோரின் பத்துலட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் இருக்குமாறு செய்து, முதல் ஒரு மணி நேரம் நீர்த்தாரைகளை நிறுத்தி வைத்து நீரை மட்டும் சுழலவிட்டு, அதன்பின் ஒன்பது மணி நேரம் நீர்த்தாரைகளையும் இயக்கி, அந்தப் பத்து மணி நேரமும் குளோரின் அளவு குறையாமல் காப்பது அம்முறை. கிருமிகள் உயிரோடு இருக்கும்போதே நுண்துளிகளை எழுப்பிவிடாதிருக்க, நீர்த்தாரைகளைத் தொடக்கத்தில் நிறுத்திவைப்பது அறிவார்ந்த ஏற்பாடு. இத்தனை குளோரினை வெளியேற்றி, மூன்றாம் முறை நிரப்பும் நீரே குளிப்பதற்கு ஏற்றது. இவ்வளவு நீரைச் செலவிடுவது உறுத்தும். ஆயினும் இதில் குறுக்குவழி கிடையாது.

அதன்பின் பேணவேண்டிய அளவுகள் சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. கட்டற்ற குளோரின், அதாவது வேறெதோடும் வினைபுரியாமல் கிருமியைக் கொல்லத் தயாராக உள்ள குளோரின், பத்துலட்சத்தில் 3 பங்குக்குக் குறையாமலும், புரோமினாயின் 4 பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அமில-கார அளவான பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருந்தால் குளோரின் நன்கு செயல்படும். அதற்குமேல் ஏறினால் அதே அளவு குளோரின் இருந்தும் வலுக்குறையும், ஹீட்டரில் சுண்ணாம்புப் படிவும் கூடும். இன்னும் சிறுகசிவு இருந்து நாள்தோறும் புதிய நீர் சேர்க்கப்படும் தொட்டியில் இவ்வளவுகள் ஒருபோதும் நிலைக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வேதிப்பொருள் அடிக்கடி தீர்ந்துபோவதே கசிவு மீண்டதற்கு முதல் அறிகுறியாக வெளிப்படுவதும் உண்டு.

தொட்டியின் வயதோடு நேரடியாகத் தொடர்புடைய அபாயங்கள் இரண்டு இருக்கின்றன. அடியில் உள்ள உறிஞ்சுவாயின் மூடி உடைந்தோ கழன்றோ போனால், பம்பின் இழுவிசை குளிப்பவரின் உடலையோ தலைமுடியையோ பற்றி நீருக்கடியில் பிடித்துவைத்துவிடும். 2002-இல் வர்ஜினியா கிரீம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி, அமெரிக்க வெளியுறவுத்துறையின் முன்னாள் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, இவ்வாறே ஒரு வெந்நீர்த்தொட்டியில் இறந்தாள். அவளுடைய தாயின் இடைவிடாத முயற்சியால் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் 2007 டிசம்பரில் நிறைவேறி, அடுத்த ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் விற்கப்படும் உறிஞ்சுவாய் மூடிகள் அனைத்தும் உடலைப் பற்றாத வடிவத்தில் அமையவேண்டும் என்று அது விதிக்கிறது. அச்சட்டத்துக்கு முந்திய தொட்டிகளில் பழைய தட்டையான மூடிகள் இருக்கக்கூடும். புதிய மூடிகளில் அவற்றின் ஆயுட்காலம் ஆண்டுக்கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றச் செலவு மிகக் குறைவு. இதைத் தள்ளிப்போடுவதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை. இரண்டாவது அபாயம் வெப்பநிலை. குளிக்கும் நீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது நிலைபெற்ற வரம்பு. தொட்டிகளின் வெப்பக்கட்டுப்பாட்டுக்கான விதிகளை உருவாக்குவதில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1987-இல் பங்குகொண்டது. அதற்கு முந்திய தெர்மோஸ்டாட்டுகளை நம்பாமல், தனி வெப்பமானியை நீரில் இட்டுச் சரிபார்ப்பது நல்லது. கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

மரத்தொட்டிகளின் கதை தலைகீழானது. ரெட்வுட் அல்லது சீடர் மரப்பலகைகளை நிறுத்திவைத்து, இரும்புப் பட்டைகளால் இறுக்கிய இத்தொட்டிகளில் பலகைகளுக்கு இடையே பசை எதுவும் இல்லை. நீரில் ஊறி மரம் உப்புவதால்தான் இடைவெளிகள் அடைபடுகின்றன. சில வாரங்கள் வறண்டு கிடந்தாலே பலகைகள் சுருங்கி, மறுபடி நிரப்பும்போது நூற்றுக்கணக்கான இடங்களில் நீர் ஒழுகும். இதைப் பழுதென்று கருதி சிலிக்கோன் பூசுவோரும், பட்டைகளை முழுவலிமையோடு இறுக்குவோரும் தொட்டியைக் கெடுத்துவிடுகின்றனர். ஊறிய மரம் உப்ப இடமில்லாமல் பலகை நசுங்கும், அல்லது பட்டை அறும். பட்டைகளை இதமாக மட்டும் இறுக்கி, ஒழுக ஒழுக நீர் விட்டுக்கொண்டே இருந்தால், சில நாட்களில் பெரும்பாலான கசிவுகள் தாமே நின்றுபோகும். மரச்சாயம் கலந்து முதல் நீர் தேநீர் நிறத்தில் இருப்பது இயல்பே. ஆயினும் கைவிரலை அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்குப் பலகை மக்கியிருந்தால், எவ்வளவு ஊறினாலும் அது அடைபடாது.

பழைய தொட்டியைப் பழுதுபார்ப்பது தகுமா, கழிப்பது தகுமா என்ற கேள்விக்கு வயதைவிட ஓட்டின் நிலையே சிறந்த அளவுகோல். பம்பு, ஹீட்டர், குழாய், சர்க்யூட் போர்டு ஆகிய யாவும் மாற்றக்கூடியவை. குறிப்பிட்ட மாதிரியின் போர்டு கிடைக்காமல் போனாலும், எந்தத் தொட்டிக்கும் பொருந்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சந்தையில் உண்டு. அக்ரிலிக் ஓடு அடித்தளத்தின் தாங்கலின்றித் தொய்ந்து, இருக்கையின் வளைவில் நீளமாக வெடித்திருந்தால் மட்டும் முயற்சியைக் கைவிடலாம். ஒன்றரை டன் நீரின் எடை அந்த வெடிப்பை நாள்தோறும் அகட்டிக்கொண்டே இருக்கும். மறுபுறம், அக்ரிலிக்கும் ஃபைபரும் ஃபோமும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிய இந்த ஓடு மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாமல், பெரும்பாலும் துண்டுதுண்டாக அறுக்கப்பட்டுக் குப்பைமேட்டுக்கே போகிறது என்பதால், நல்ல ஓடுடைய தொட்டியைச் சில நூறு டாலர் உதிரிபாகங்களுக்காகக் கழித்துவிடுவது வருந்தத்தக்கது.

மறுதொடக்கம் வெற்றி பெற்றதா என்பது குளித்த முதல் நாளில் தெரிவதில்லை. குளிர்ந்த நீரில் அடைந்து நின்ற இணைப்பு, சூடேறி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் சிலமுறை போய்வந்தபின் மறுபடி கசியத் தொடங்குவது உண்டு. ஆகவே நீர்மட்டத்தில் ஓட்டின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடையாளம் வைத்து, ஒரு வாரமேனும் நாள்தோறும் பம்பை நிறுத்திய நிலையில் மட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும், அதுவரை பெயர்த்த ஃபோமின் இடத்தை நிரப்பாமல், பம்பின் அடியிலும் ஹீட்டரின் அடியிலும் உலர்ந்த அட்டைத்துண்டுகளை விரித்துவைத்து, வெளிப்பலகையைத் திருகாமல் சாத்தி மட்டும் வைப்பதும் அனுபவமுள்ளோரின் வழக்கம். உறைபனி நெருங்கும் பருவத்தில் இந்த வாரம் வாய்க்காது. அப்போது திறந்த பகுதியைக் கண்ணாடிப்பஞ்சுப் பாய்களால் தற்காலிகமாகப் போர்த்தி, நீர்படாத துணியால் மூடிவைத்து, புதிய ஃபோம் பீய்ச்சும் வேலையை வெயில் காலத்துக்கு ஒத்திவைக்கின்றனர்.